முகூர்த்தத்துக்கு எந்த மொகத்தோட உக்கார்றது?

கேள்வி: அக்கா, வர்ற ஆவணில எனக்கு கல்யாணமுங்க. ஊரு கோபி பக்கம், மண்டபம் பெருந்துறை. பொழுதோட ரிசப்ஷன், அடுத்த நாள் விடிகால 4.30ல இருந்து 6க்குள்ள முகூர்த்தம். நான் ஆசைப்படறது கண்ணாடியாட்டம் மினுங்கற கிளாஸ் ஸ்கின், ஒதட்டு கலர்லயே இருக்கற நியூட் லிப்ஸ்டிக், மையில்லாத கண்ணு. அம்முச்சி என்னடான்னா போன்ல பாத்துட்டு, "இதென்ன சாமி சீக்குக்கோழியாட்டம்"ங்கறாங்க. மேக்கப் போடற அக்கா, என் கலர விட ரெண்டு ஷேடு வெளுப்பா தூக்கிப் போட்டாத்தான் போட்டோல எடுபடும்ங்கறாங்க. இருவது வருசம் கழிச்சு ஆல்பத்த பாத்தா சிரிப்பு வரக்கூடாதுங்க்கா. கலர் லென்ஸ் வெக்கலாங்களா? (பேர் வேண்டாம், கோபி)

பதில்: கண்ணு, சிரிப்பு வராம இருக்காது, அத மொதல்லயே சொல்லிப்போடறேன். எங்கல்யாணம் 1999ல, புருவத்த நூலாட்டம் எடுத்து, ஒதட்டச் சுத்தி கரும்பழுப்புல லைனர் இழுத்து உள்ள மினுமினுன்னு வெளிர் கலரு, பாத்திக்கு வரப்பு கட்டுனாப்ல இருக்கும். அன்னிக்கு அதுதான் பேஷன். எங்க நங்கையா கல்யாணத்தப்ப கன்னம் ஒடுங்கித் தெரியறதுக்கு கரும்பழுப்பு பூசற காண்டூரிங் சீசன், கன்னத்துல ரெண்டு பக்கமும் காப்பித்தூள் அப்புனாப்ல நிக்கறா பாவம். அதுக்காக பழசு எல்லாம் நல்லதுன்னும் இல்லீங்க, எங்கம்மாவோட கருப்பு வெள்ளை ஸ்டுடியோ போட்டோல மையி, பொட்டு, தல நெறைய கனகாம்பரம் எல்லாம் இன்னிக்கும் அழகா இருக்குது, ஆனா பவுடர் கழுத்தோட நின்னுபோச்சு, அந்தக் கோடு இப்பவும் தெரியுது.

மூணு ஆல்பத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. கெடுத்தது மையோ சாயமோ இல்ல, புருவத்துல கைவெச்சதும் தோலோட கலர மாத்துனதுந்தான். அதனால தொடச்சா போறதுல ட்ரெண்ட் பாரு, தாராளமா பாரு. வளர மாசக்கணக்காகுற புருவத்துலயும், நெத்தியில முடி வெட்டிக்கறதுலயும் கல்யாணத்த நம்பி எறங்காத.

உனக்குத்தான் ரெண்டு மேடை இருக்குதே. ரிசப்ஷனுக்கு உன் கிளாஸ் ஸ்கின்ன போட்டுக்கோ, அம்முச்சிகிட்ட நாஞ்சொன்னேன்னு சொல்லு. கொரியால இருந்து வந்த பேஷனு, நம்மூர்ல மண்டபத்து வீடியோ லைட்டுக்கு கீழ ஒறம்பரை முச்சூடும் மேடையேறி எறங்கறதுக்குள்ள எண்ணெய்ச்சட்டி ஆயிரும், அதனால கன்னத்து மேட்டுல மட்டும் மினுமினுப்பு விட்டுட்டு நெத்தி, மூக்கு, தாடைக்கு லேசா பவுடர் ஒத்தச் சொல்லு.

முகூர்த்தம் வேற கதை. அரக்குக் கூறைப்புடவை, மேல தங்கம், சத்தி மல்லி, கழுத்துல ரோசாவும் சம்பங்கியும் சேத்துக் கட்டுன மாலை, இத்தனை அழுத்தமான கலருக்கு நடுவுல ஒதடு மட்டும் வெளுத்துக் கெடந்தா அம்முச்சி சொன்னது சொன்னதுதான், சீக்குக்கோழியேதான். புடவையோட சேர்ற செவப்போ மெரூனோ பளபளப்பில்லாத மேட்ல போட்டுக்கோ, கண்ணுக்கு மையி வேணும், வாட்டர்ப்ரூஃபா இருக்கட்டும். அருமைக்காரர் வெச்சு சீர் செய்யறீங்களோ ஐயர் வெச்சு ஓமம் வளக்கறீங்களோ தெரியல, ஓமம்னா புகையில கண்ணு தண்ணியா ஊத்தும். அப்பறம் அந்த மாலை. ஈரமா கொண்டாந்து போடுவாங்க, குனிஞ்சு நிமுந்து கால்ல விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள கழுத்துல பூசுனதயெல்லாம் ஒரசி எடுத்துரும், மொகம் ஒரு கலரு கழுத்து ஒரு கலருன்னு நிப்ப. மொகத்துல உன் சொந்த ஷேடு இருந்தா கழுத்துல அழிஞ்சாலும் ஒண்ணும் தெரியாது.

அந்த ரெண்டு ஷேடு சமாச்சாரத்துக்கு வர்றேன், எனக்கு கோவமே அதுலதான். நம்ம தோல்ல பெரும்பாலும் மஞ்சள் சாயல் ஓடும், அதுமேல வெளுப்பா அப்புனா செவப்பா தெரியாது, சாம்பல் பூத்தாப்ல தெரியும். தாரை வாக்கறப்ப கேமராக்காரர் கைய கிட்டக்க எடுப்பாரு, மருதாணி போட்ட மாநிறக் கை, அதுக்கு மேல யாரோ ஒருத்தியோட வெள்ள மொகம். ஃபவுண்டேஷன மணிக்கட்டுல தேச்சு பாக்கறாங்க, அது வேண்டாம், தாடை எலும்பு மேல ஒரு கோடு இழுத்து வெளிய வெளிச்சத்துல போயி பாரு, எது கோடே தெரியாம கலந்துபோகுதோ அதுதான் உன்னுது. "ஏனுங்க, என் கலர்லயே போடுங்க"ன்னு வாயத்தொறந்து சொல்லோணும், காசு குடுக்கறது நீதான?

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ட்ரயல் கேளு. தனியா காசு கேட்டாலும் குடுத்துரு. போட்டு முடிச்சதும் ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடு, கண்ணாடியில தெரியாதது அதுல தெரியும். சன்ஸ்க்ரீன்ல வர்ற ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும், சிலிக்கா பவுடரும் வெளிச்சத்த திருப்பி அடிச்சு மொகத்துல விபூதி கொட்டுனாப்ல காட்டும். ஏர்பிரஷ்ங்கறது சின்ன கம்ப்ரெஸர் வெச்சு ஸ்பிரே பண்றது, வேர்வைக்கு தாங்கும், ஆனா அழுது கோடு விழுந்தா அத சரி பண்றது செரமம், நீ அழுகற ஜாதின்னா வேண்டாம். ட்ரயலோட தொடைக்காம அப்படியே பஸ் ஏறி வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குப் போ, அம்முச்சி முன்னால போயி நில்லு. ஒடனே உன்னய அடையாளங்கண்டு வேற வேலயப் பாக்க போனாங்கன்னா மேக்கப் சரியா வந்திருக்குது.

ஃபேஷியல், மேல்தோல உரிக்கற பீல்னு புதுசா எதையும் கடைசி வாரத்துல மொகத்துல வெக்காத, வேணுங்கறத ஒரு மாசம் முன்னாடியே பாத்துக்கோ. புருவம் மூணு நாளு முன்னாடி, ஓரத்துல மட்டும்.

லென்ஸ் வேண்டாஞ்சாமி. ரெண்டு மணிக்கு எழுப்பி உக்கார வெப்பாங்க, தூக்கமில்லாத கண்ணு, மேல புகை, மொதத்தடவ லென்ஸு. பவர் இருக்கறதால கேக்கறயின்னா கண் டாக்டர்கிட்ட போயி பவர் லென்ஸா வாங்கி இப்பயிருந்தே போட்டுப் பழகு, அன்னிக்கு மேக்கப்புக்கு முன்னாடி வெச்சுக்கோ, பொறவு வெச்சா பவுடர் உள்ள போயிரும்.