சொன்ன பிறகு – கடிதம்

அன்புள்ள சார்,

ஜப்பானியச் சித்திரக்கதைகளான மங்கா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் யூரி வகையில் நாலைந்து வாசித்தேன். படங்கள் அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்கின்றன. அந்தப் பெண்களுக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம்தானே இந்த வாழ்க்கையில் பாதி? அதை நேராகப் பேசும் மங்கா உண்டா? பேசினால் அது வெறும் அழுகாச்சியாகிவிடாதா?

மீனா

அன்புள்ள மீனா,

உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் காட்சி அவற்றில் அநேகமாக இருக்காது. அப்பா கத்துவது, அம்மா மயங்கி விழுவது எல்லாம் நம் சீரியல் பழக்கம். நல்ல யூரி மங்காக்களில் விஷயத்தைச் சொல்வது சட்டென்று முடிந்துவிடுகிறது. கஷ்டம் அதற்கப்புறம்தான்.

யமாஜி எபினேயின் 'லவ் மை லைஃப்' ஒரே தொகுதிதான். கல்லூரி மாணவி இச்சிகோ, தாயில்லாத பெண். தன் காதலி எரியை அப்பாவுக்கு அறிமுகம் செய்கிறாள். அவர் கோபப்படவில்லை. நானும் தன்பாலீர்ப்பாளன்தான், உன் அம்மாவும் அப்படித்தான் என்கிறார். இதைவிட நல்ல வரவேற்பு யாருக்குக் கிடைக்கும்? ஆனால் இடிந்துபோவது மகள்தான். அப்படியானால் நான் காதலில் பிறந்தவள் இல்லையா என்று குழம்புகிறாள். தன் ரகசியத்தைச் சொல்ல வந்தவளின் தலையில் அதைவிடப் பழைய ரகசியம் ஒன்று வந்து விழுகிறது. ஆதரவான பெற்றோர் அமைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

ஷிமுரா தகாகோ 2019 முதல் 2023 வரை 'கிஸ்' இதழில் எழுதிய 'ஒதோனா நி நாத்தெமோ'வில் வருபவர்கள் முப்பதைத் தாண்டியவர்கள். அயானோ திருமணமான ஆரம்பப்பள்ளி ஆசிரியை. ஒரு பாரில் அகாரி என்ற பெண்ணைச் சந்திக்கிறாள், மனம் போய்விடுகிறது. கணவனிடம் மறைக்காமல் சொல்லியும் விடுகிறாள். அவன் அடிக்கவில்லை, துரத்தவில்லை. விவாகரத்தும் வேண்டாம் என்கிறான். தம்பதியாக அவன் பெற்றோர் வீட்டுக்குக் குடிபோகிறார்கள்! மனைவி இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள் என்றால் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் வைத்தியம் என்று நினைக்கும் ஆண்கள் நம் ஊரில் மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். அவள் சொன்னது காதில் விழுகிறது, ஆனால் வீட்டில் எதுவும் மாறக்கூடாது என்று எல்லோரும் நல்லவர்களாகவே நடந்துகொள்கிறார்கள். எனக்கு இது கத்தலைவிடக் கொடுமையாகப் பட்டது.

இதற்கு ஜப்பானில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அங்கே குடும்பம் என்பது கோசெகி என்ற அரசுப் பதிவேடு. இரண்டு பெண்கள் அதில் தம்பதியாகப் பதிய வழியில்லை. இந்த வகைக்கே முன்னோடியான எழுத்தாளர் யோஷியா நொபுகோ, தன் வாழ்நாள் துணைவி மொன்மா சியோவை 1957-ல் சட்டப்படி மகளாகத் தத்தெடுத்துக்கொண்டார். வேறு வழி இல்லை. 2015-ல் டோக்கியோவின் ஷிபுயா வட்டாரம் துணைவர் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. அது திருமணத்துக்கு ஈடாகாது. திருமண உரிமையை மறுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது 2021-ல்தான். வீட்டில் சொல்லி, அவர்களும் சரி என்றுவிட்டாலும், இவள் எனக்கு யார் என்று எழுதிவைக்க இடமில்லை.

பள்ளிக்கூடம் பற்றிய உங்கள் புகாரை நான் முழுதாக ஏற்கவில்லை. யோஷியா 1916-ல் எழுதத் தொடங்கிய 'ஹனா மொனோகதாரி' கதைத்தொடரின் காலத்திலிருந்தே மாணவிகளுக்கு இடையிலான நேசத்தைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே அனுமதித்தார்கள். படிப்பு முடிந்ததும் கல்யாணம் ஆகிவிடும் என்ற தைரியம். ஆக, அந்தப் பள்ளிக்கூடம் கல்யாணம்வரை கொடுக்கப்பட்ட ஒரு கெடு. ஷிமுராவின் 'அவோய் ஹானா' இதை நன்றாகப் புரிந்துகொண்ட படைப்பு. பள்ளி மாணவி ஃபுமியைக் காதலித்த அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவே கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். அந்த வலியோடுதான் ஃபுமி தன் தோழி அகிராவிடம் மெல்ல மனம் திறக்கிறாள். அகிராவும் நல்ல பெண்தான், ஆனால் தோழியாக இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் முழிக்கிறாள்.

அழுகாச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகாதா கபி தன் சொந்த வாழ்க்கையை 2015-ல் இணையத்தில் வரைந்து, மறுவருடம் அது புத்தகமானது. 28 வயதுவரை யாரையும் நெருங்காத ஒரு பெண், பணம் கொடுத்து இன்னொரு பெண்ணின் அணைப்பைத் தேடிப்போகிறாள். இதைவிடச் சோகமான கரு கிடையாது. ஆனால் பல பக்கங்களில் சிரித்துவிட்டேன். புத்தகம் முழுக்க அவர் மல்லுக்கட்டுவது அம்மாவின் பாராட்டுக்கான ஏக்கத்தோடுதான், காதல்கூட அதற்குப் பிறகுதான்.

'அவோய் ஹானா' ஆங்கிலத்தில் நான்கு பெரிய தொகுதிகளாகக் கிடைக்கிறது, அதில் தொடங்கலாம். கபியின் புத்தகத்தில் மனச்சோர்வும் உணவுக் கோளாறும் ஒளிவுமறைவின்றி வரும். மனம் சரியில்லாத நாளில் எடுக்காதீர்கள்.