வெள்ளிக்கிழமை சொல்லி, திங்கள்கிழமை முதல் வேலை நேரத்தை மாற்றலாமா?

“வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது. திங்கள் முதல் ஒன்பது மணிக்குப் பதிலாக ஏழு மணிக்கே வந்துவிட வேண்டுமாம். முதலாளி இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்தால் போயிற்று என்று உங்களுக்குப் புத்தி சொல்லப் பலர் இருப்பார்கள். அவர்கள் யாரும் உங்கள் வீட்டில் ஒரு காலைப் பொழுதைக் கழித்தவர்கள் அல்லர்.

நேரத்தை மாற்ற முதலாளிக்கு உரிமை உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் மாற்ற உரிமை இல்லை. 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் 21 நாள் கிடையாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். நான் வக்கீல் அல்ல, பத்தாம் வகுப்பு வரை படித்தவள். 2018-ல் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சைடர் வேலை பார்த்தேன். ஸ்பின்னிங் மிஷினின் இரு பக்கமும் நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற வேலை. அங்கே மொத்தம் ஒன்பது வருடம் இருந்தேன். பகல் ஷிப்ட் எட்டு முதல் நாலு, அரை நைட் நாலு முதல் பன்னிரண்டு, முழு நைட் பன்னிரண்டு முதல் எட்டு. எனக்கு மூன்று வயதில் பையன் இருந்ததால் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கியிருந்தேன். அதற்காகக் கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் சலுகை என்று நினைக்க வேண்டாம்.

என் கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வெளியூர். அத்தை காலை ஆறு மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஏழு மணிக்குத் திரும்புவார்கள். அவர்கள் வாசலில் பால் கேனை இறக்கி வைக்கும்போது நான் பையனை அவர்கள் இடுப்பில் கொடுத்துவிட்டு ஓடுவேன். ஏழு பத்துக்கு டவுன் பஸ். ஏழு நாற்பத்தைந்துக்கு மில் கேட். ஒரு வருடம் தடுமாறித் தடுமாறிக் கட்டிய ஏற்பாடு அது. ஒரு ஓட்டை உருவினால் கூரையே சரிகிற மாதிரி, அதில் ஒரு பத்து நிமிடத்தைக்கூட எடுக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் டைம் ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முழுக்க ஆங்கிலம். நாங்கள் பதினைந்து இருபது பெண்கள் அதற்கு முன்னால் நின்றோம். ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர் தம்பி ஒருவன் வந்து வாசித்துச் சொன்னான்: “திங்கட்கிழமையிலிருந்து ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு, அக்கா.” அவ்வளவுதான். ஏன் என்று இல்லை, முடியாதவர்கள் யாரைப் பார்ப்பது என்று இல்லை. அவர்களுடைய இன்னொரு ஆலையின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் காரணம் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸே ஆறு இருபதுக்குத்தான். மில் வேன் எங்கள் தடத்தில் வருவதில்லை. நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு நாற்பது ரூபாய் போட்டு ஆட்டோ பேசினோம். என் ஒரு நாள் கூலி 320. பக்கத்து வீட்டு அக்காவிடம் பையனைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டுபோய் விட்டேன். திங்கள், செவ்வாய் அப்படி ஓடியது. புதன்கிழமை ஆட்டோ வரவில்லை. பஸ் பிடித்து, இறங்கியதும் ஓடிப் போய் நின்றபோது ஆறு ஐம்பத்தைந்து. கேட் அடைத்தாயிற்று. காவலாளி அண்ணன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, முகத்தைப் பார்க்காமலேயே “திரும்பிப் போகச் சொல்கிறார்கள் அம்மா” என்றார். ஒன்பது வருடத்தில் நான் அதற்கு முன் கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டதே இல்லை.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா அன்றைக்குப் பூப்பறிக்கப் போக வேண்டியிருந்திருக்கிறது. பையனை எங்கள் திண்ணையில் உட்கார வைத்து, அத்தை இதோ வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள்மேல் தவறில்லை, அவளுக்கும் கூலி உண்டு. அன்றைக்குப் பார்த்து சொசைட்டியில் தாமதம். பையன் என் பழைய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் அழவில்லை. பூட்டைக் காட்டினான்.

அன்று மத்தியானம்தான் மனு எழுதினோம். பதினொரு பெண்கள் கையெழுத்து. டைம் ஆபீஸில் வாங்க மாட்டேன் என்றார்கள். வேடசந்தூர் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் மில்லுக்கு ஒன்று, திண்டுக்கல்லில் தொழிலாளர் துறைக்கு ஒன்று, தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒன்று என்று மூன்று அனுப்பினோம். யாரோ கட்சிக்காரர் தூண்டிவிட்டார் என்று மில்லில் பேசினார்கள். எனக்கு எந்தக் கட்சியும் தெரியாது, சங்கத்திலும் நான் இல்லை. சங்கத்தில் இருந்தாலும் அது குற்றமில்லை.

பன்னிரண்டாம் நாள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். மில் பக்கமிருந்து வந்த அலுவலர் உற்பத்தி, ஆர்டர், தற்காலிக ஏற்பாடு என்று கால் மணி நேரம் பேசினார். தொழிலாளர் துறை அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “21 நாள் நோட்டீஸ் கொடுத்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். பதில் வரவில்லை. 1947-ம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ பிரிவு என்று ஒன்று இருப்பதும், வேலை நேரம், இடைவேளை, ஷிப்ட் மாற்றம் எல்லாம் அதற்குள் வருவதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வேலை நேர அறிவிப்பைத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புரியும் மொழியிலும் வைக்க வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்ததாம். நேரத்தை மாற்றுவதற்கு முன்பே ஆய்வாளருக்கும் அறிவிப்பின் நகலை அனுப்ப வேண்டுமாம். ஆங்கிலத் தாளைப் பார்த்துக்கொண்டு ஊமைகள் மாதிரி நின்றோமே, அதை நினைத்து எனக்கு அங்கேயே கண்ணில் நீர் வந்துவிட்டது.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். புது நேரத்தை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். எங்கள் தடத்துக்கு வேன் விட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் அத்தை காலைப் பாலைக் கொழுந்தனாரிடம் கொடுத்து அனுப்பப் பழகிக்கொண்டார்கள், நானும் ஆறு மணிக்கே போனேன். ஆம், அதே ஆறு மணி! நோட்டீஸ் முறையாகக் கொடுத்திருந்தால் முதலிலேயே போயிருப்பேன். மில்காரர்களுக்கு இது மட்டும் புரியவே இல்லை. முதலாளிக்கும் நெருக்கடி இருக்கும், பஞ்சு விலை இருக்கும், மின்சாரம் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் கடிகார முள்ளைத் திருப்புகிற வேலை. எங்களுக்கோ மாடு, குழாய்த் தண்ணீர், பஸ், கிழவி, குழந்தை எல்லோரையும் திருப்ப வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து என்னை ஸ்பின்னிங்கிலிருந்து எடுத்துக் கழிவுப் பஞ்சுப் பக்கம் போட்டார்கள். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. மறு வருடம் வேலையிலிருந்து நானே நின்றுகொண்டேன்.

      

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் மாறிவிட்டதே என்று யாராவது உங்களை மிரட்டக்கூடும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, பழைய சட்டங்கள் போய்விட்டன, உண்மைதான். ஆனால் தொழில் உறவுத் தொகுப்பின் 40-ம் பிரிவில் அதே 21 நாள் அப்படியே இருக்கிறது. அவசர நிலையில் ஷிப்டை மாற்றுவதென்றால் முதலாளி, தொழிலாளர் இரு தரப்பும் இருக்கும் குறைதீர்க்கும் குழுவைக் கலந்துகொண்டு நோட்டீஸ் இல்லாமல் மாற்றலாம் என்று ஒரு விலக்கும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் “அவசரம்” என்று சொன்னால், என்ன அவசரம், குழுவை எப்போது கூட்டினீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்து, சம்பளமும் சட்டம் சொல்லும் வரம்புக்கு மேல் வாங்கினால் இந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறாள் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எட்டு மணி நேர வேலை கேட்டதற்காக 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வாய் திறந்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது, அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுத்து வைப்பது. குழுவிலிருந்து நீக்கிவிட்டால் பிறகு கிடைக்காது. திங்கட்கிழமை வர முடியாதென்று எழுதாதீர்கள், அதை வேலைக்கு வர மறுத்ததாகத் திருப்பிவிடுவார்கள். முறையான நோட்டீஸ் வரவில்லை, வந்தால் அதற்குள் வீட்டு ஏற்பாடுகளைச் செய்துகொண்டு வருகிறேன், அதுவரை பழைய நேரமே இருக்கட்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பலர் சேர்ந்து போடும்போதும் வட்டமாகப் போடுங்கள், யார் முதலில் போட்டார்கள் என்று தெரியாமல் இருக்கட்டும். எங்களுக்கு அந்த யோசனை அன்றைக்கு வரவில்லை.