காரை எலும்பு முறிவுக்குப் பின் மீண்டும் பந்தயம்

வணக்கம் நண்பரே. காரை எலும்பு (காலர் போன்) முறிந்து ஐந்து மாதம் சைக்கிள் ஓட்டாமல் இருந்துவிட்டு, இன்னும் ஆறு வாரத்தில் வரும் மவுண்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) பந்தயத்தில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு பந்தயத்தை விட்டுவிடுங்கள். மூச்சுத்திறன் சில வாரங்களில் ஏறத் தொடங்கும். தோள் தசையும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. இறக்கத்தில் பாரமும் அதிர்வும் கைகளில்தான் விழும். மேட்டுப்பாளையத்தில் இருக்கிறீர்கள், கோத்தகிரி ஏற்றம் பக்கத்திலேயே இருக்கிறது. பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் வாரம் மூன்று நாள் தார்ச்சாலையில் போங்கள். முன்பு ஏற எடுத்த நேரத்தோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்; அப்படி விரட்டித்தான் நான் மறுபடி வலியில் படுத்தேன். வலியில்லாமல் பத்து தண்டால் எடுக்க முடிந்து, மருத்துவரும் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்றால் மண்பாதைக்குப் போகலாம். அப்புறம், எடை கூடியிருந்தால் சஸ்பென்ஷனில் (சைக்கிளின் அதிர்வு தாங்கியில்) உள்ள காற்றழுத்தத்தையும் மாற்றுங்கள்.