மெல்போர்னில் குழந்தையை எங்கே விடுவது? பெருந்துறை அம்மிணிக்கு

ஒன்றரை வயசுப் பொண்ணு, வர்ற மாசம் மெல்போர்ன்ல வேலைக்குச் சேரணும், எந்த சைல்டு கேர் நல்லதுன்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கறதுன்னு கேட்டிருந்த. பெருந்துறையில உங்கம்மா "புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போ"ங்கறதையும் எழுதியிருந்த. நான் இப்ப மெல்போர்ன்ல இருந்து லீவுக்கு வந்து சோமனூர்ல அம்மாயி வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கேன். உன் கேள்விய அம்மாயிகிட்டச் சொன்னேன். "தறிக்குடோன்ல தூளி கட்டியே மூணு பேரை வளத்தேன், இதுக்கு இத்தனை ரோசனையா"ன்னு சிரிக்குது. அந்தக் குடோன்ல புள்ளை சிணுங்கினா எந்தத் தறிக்காரரும் ஓடி வந்து தூளிய ஆட்டுவாரு. மெல்போர்ன்ல அப்படி ஆளை நாமதான் தேடிப் பிடிக்கணும் கண்ணு.

என் பையனுக்கு நான் முதல்ல பிடிச்ச இடம் பளபளன்னு இருந்துச்சு. மரப் பொம்மை, செல்லுல ஆப். தினமும் 12.40க்கு "நல்லா சாப்பிட்டான்"னு செய்தி வரும். ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம மத்தியானம் போனேன். வேலியோரம் மூக்கு ஒழுக நின்னுட்டிருந்தான். தட்டுல பாஸ்தா தொடாம இருக்கு, ஆப்ல "நல்லா சாப்பிட்டான்" வந்தாச்சு. அறையில குழந்தைகளைப் பாத்துக்கற பொண்ணுக்கு இவன் பேரே தெரியல. மூணு மாசத்துல அந்த அறைக்கு அவ மூணாவது ஆளாம். அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன், முதல் நாள் வந்தவ என்ன பண்ணுவா.

அதனால நீ முதல்ல கேக்க வேண்டியது, "இந்த அறையில இருக்கறவங்க எத்தனை நாளா இருக்காங்க?" மெல்போர்ன் இருக்கற விக்டோரியா மாநிலத்துல மூணு வயசுக்கு உள்ள இருக்கற நாலு குழந்தைக்கு ஒருத்தர் இருக்கணும், மூணு தாண்டினா பதினொண்ணுக்கு ஒருத்தர். ஆனா அந்தக் கணக்கை அறை அறையாப் போடாம சென்டர் முழுக்கச் சேர்த்துப் போட்டுக்கலாம். அதனால "என் பொண்ணு அறையில சாயங்காலம் அஞ்சு மணிக்கு எத்தனை பேரு?"ன்னு கேளு. முடிஞ்சா அந்த நேரத்துலயே போய்ப் பாரு. காலையில பத்து மணிக்குச் சுத்திக் காட்டினா எல்லா இடமும் நல்லாத்தான் தெரியும்.

2012ல இருந்து நாடு முழுக்க ஒரே தர அளவு இருக்கு. மீட்டிங் (அந்த அளவுக்கு இருக்கு), எக்சீடிங் (அதுக்கும் மேல இருக்கு)னு ரேட்டிங்கை வாசல்லயே ஒட்டியிருப்பாங்க. ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ்ங்கற அரசு இணையதளத்துலயும் பாக்கலாம். ரேட்டிங்கோட அது குடுத்த தேதியையும் பாரு, சிலது பல வருசம் பழசா இருக்கும். ஃபீஸ் பத்தி ஒண்ணுதான் சொல்வேன்: குழந்தைக்குக் காய்ச்சல்னு வீட்ல வெச்சிருந்தாலும் அன்னைக்குப் பணம் கட்டணும். தற்காலிக வொர்க் விசான்னா பெரும்பாலும் அரசு மானியமும் கிடையாது.

ரெண்டாவதா நாங்க மாத்தின இடம் பழைய வீடு மாதிரி, சுவத்துல பெயின்ட் உரிஞ்சிருந்துச்சு. அங்க இருந்த வயசான டீச்சரம்மா முதல் கேள்வியா "வீட்ல இவன் தண்ணிய என்னன்னு கேப்பான்?"னு கேட்டாங்க. தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, அம்மா, நாலையும் இங்கிலீஷ் எழுத்துல அட்டையில எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டாங்க. "வலிக்குது" மட்டும் கடைசி வரைக்கும் அவங்க வாயில "வாலிகுடு"தான். பையன் புரிஞ்சுக்கிட்டான்.

உன் பொண்ணு தூளியில தூங்கிப் பழகியிருந்தா அங்க அது நடக்காது. தட்டையான மெத்தையில, மல்லாக்கப் படுக்க வெப்பாங்க, ஆட்ட மாட்டாங்க. ரெண்டு வாரம் முன்னாடியே வீட்ல பழக்கு. ஊட்டியும் விட மாட்டாங்க, முன்னாடி வைப்பாங்க, அதுவா எடுத்துத் தின்னணும். நிலாவக் காட்டி ஊட்டின நமக்கு இது பாக்கவே மனசு பொறுக்காது. பையன் ஒரு மாசத்துல ரெண்டு கையாலயும் அள்ளித் தின்ன ஆரம்பிச்சான்.

வேலைக்குச் சேர்ற தேதிக்கு முன்னாடி ஒரு வாரமாவது நீயும் கூடப் போய் அரை மணி, ஒரு மணின்னு உக்காந்திரு. அதுக்கு இடம் குடுக்காத சென்டர்னா அங்க சேர்க்காத. நல்ல இடத்துல காத்திருப்போர் பட்டியல் நீளமா இருக்கும், இன்னைக்கே ரெண்டு மூணு இடத்துல பேர் குடுத்து வை. எந்தப் பக்கம் வீடு பாத்திருக்கீங்கன்னு எழுது, நான் பதினஞ்சாம் தேதி அங்க திரும்பிடுவேன், ஒரு சாயங்காலம் கூட வந்து பாக்கறேன்.