அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சின்ன உலோகப் பின் ஏன் 4,361 டாலர்?

அரை அங்குலப் பின். நியாய விலை 46 டாலர்தான் என்று 2019-இல் பென்டகனின் தலைமை ஆய்வாளர் அறிக்கையே சொன்னது. வரி கட்டுபவருக்கு வயிறு எரிவதில் தப்பே இல்லை.

காரணம் ‘ஒற்றை விற்பனையாளர் கொள்முதல்’. அதாவது, ஒரு பொருளை ஒரே கம்பெனிதான் விற்க முடியும். போட்டி டெண்டருக்கு வழியில்லை. விமானத்தை வாங்கும்போது உதிரி பாகங்களின் வரைபட உரிமையை அரசு சேர்த்து வாங்காமல் விட்டால் இந்த நிலை வரும். வேறு பட்டறை அதைச் செய்ய வரைபடமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கியபின், அதன் ஃபில்டர் அந்தக் கம்பெனியிடம் மட்டுமே கிடைப்பது போலத்தான்.

சரி, அடக்க விலையைக் கேட்கக் கூடாதா? இங்கேதான் பெரிய ஓட்டை. ஒப்பந்தம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அடக்கச் செலவுக் கணக்கைச் சான்றளித்துத் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பின்னை வாங்கியபோது, 2018-க்கு முன், அந்த வரம்பு 7.5 லட்சம் டாலர். சிறு சிறு ஆர்டர்கள் அதற்குக் கீழேயே நின்றுவிடும். கொள்முதல் அதிகாரி கேட்டாலும் கம்பெனி மறுக்கலாம். 2018-இல் வரம்பை 20 லட்சமாக உயர்த்தினார்கள். ஓட்டையை அடைப்பதற்குப் பதில் பெரிதாக்கிய வேலை இது.

இந்த அதிக விலைக்குள் ரகசியத் திட்டங்களுக்கான பணம் ஒளிந்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு: ரகசியத் திட்டங்களுக்குப் பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு உண்டு, பின்னுக்குக் கொடுத்த கூடுதல் பணம் விற்றவரின் லாபமாகத்தான் போனது.