செர்பென்டைன் பெல்ட் மாற்றிய பின் 350 எஞ்சின் சூடாவது

உங்கள் 1978 செவர்லே சி10 டிரக்கின் 350 (கன அங்குல) எஞ்சினில், 1990 மாடல் டிரக்கின் செர்பென்டைன் பெல்ட் அமைப்பை (பல புல்லிகளைச் சுற்றி ஓடும் ஒற்றை நீண்ட பெல்ட்) மாட்டிய பின் எஞ்சின் சூடாவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் பழைய வாட்டர் பம்ப் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை ஓடவைப்பது) இப்போது எதிர்த்திசையில் சுற்றுகிறது; பெல்ட் அமைப்பை எடுத்த அதே 1990 மாடல் டிரக்கின் எதிர்ச்சுழற்சி பம்பை 1978 செவர்லே சி10-இல் மாட்டினால்தான் சூடு அடங்கும்.

முன்பிருந்த வி-பெல்ட் (வி வடிவப் பழைய வகை பெல்ட்), எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் சுற்றும் திசையிலேயே பம்பைச் சுழற்றியது. 1980களின் இறுதியில் வந்த டிரக்குகளின் செர்பென்டைன் அமைப்பிலோ பெல்ட்டின் வழுவழுப்பான முதுகுப்புறம் பம்ப் புல்லியைத் தொடுவதால் திசை மாறுகிறது. பம்ப் உடலின் வடிவம் ஒரே திசைக்கு உரியது என்பதால், எதிர்த்திசையில் சுற்றும்போது சிறிதளவு நீரே ஓடும். மேட்டில் ஏறும்போது வெப்பமானி முள் வேகமாக உயர்வதாக நீங்கள் எழுதியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பம்ப் புல்லியைத் தொடுவது பெல்ட்டின் வரிப்பள்ளப் பக்கமா முதுகா என்று பாருங்கள். முதுகு என்றால் பம்ப் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்பதில் ஐயமில்லை.

பம்பை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். பம்போடு சேர்ந்து எதிர்த்திசையில் சுற்றும் பழைய ஃபேன் காற்றை முன்னோக்கித் தள்ளும் என்பதால், ஃபேனும் அதன் கிளட்சும் (ஃபேனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இணைப்பு) எதிர்ச்சுழற்சிக்கு உரியவையாகவே இருக்க வேண்டும். பெல்ட் போடுமுன் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் உள்ள இடைவெளியையும் தயவுசெய்து அளந்துவிடுங்கள்.