படித்த மார்மன்களின் நம்பிக்கையை ஆதாரங்கள் ஏன் அசைப்பதில்லை?

மார்மன்கள் என்பவர்கள் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் நிறுவிய, கிறித்தவ மரபில் வந்த ஒரு திருச்சபையினர். அவர்களில் சிலரை ஆதாரங்கள் அசைத்திருக்கின்றன, விலகியவர்களும் உண்டு. ஆனால் மற்றவர்களை யோசிக்கத் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களின் வேதநூல்களில் ஒன்றான ஆபிரகாம் நூலின் கதையையே பாருங்கள்.

1835இல் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லாந்தில், ஊர் ஊராகக் காட்சிக்கு வந்த எகிப்திய மம்மிகளையும் பாப்பிரஸ் (நாணலில் செய்த பழங்காலத் தாள்) சுருள்களையும் ஜோசப் ஸ்மித்தும் கூட்டாளிகளும் வாங்கினார்கள். ஒரு சுருளில் பைபிளில் வரும் ஆபிரகாமின் எழுத்து இருப்பதாகச் சொல்லி, 1842இல் அதன் ‘மொழிபெயர்ப்பை’ ஸ்மித் வெளியிட்டார். 1880இல் அது வேதநூலாகவே ஏற்கப்பட்டது. சுருள்கள் 1871இல் சிகாகோ நகரில் மூண்ட பெருந்தீயில் எரிந்துபோயின என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்புறம் பார்த்தால், சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்தன! 1967இல் அவை திருச்சபைக்கே வந்து சேர்ந்தன. எகிப்தியவியல் அறிஞர்கள் படித்துப் பார்த்ததில், அவை இறந்தவர்களோடு புதைக்கும் ஈமச்சடங்கு ஏடுகள். துண்டுகளில் உள்ள எழுத்துகள் நூலோடு பொருந்தவில்லை என்பதைத் திருச்சபையே 2014இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டது.

ஐயவாதிக்கு வழக்கு அத்தோடு முடிந்தது. விசுவாசியோ, அசல் பகுதி தொலைந்திருக்கலாம் என்பார். அல்லது சுருள் வெறும் தூண்டுகோல், செய்தி கடவுளிடமிருந்து நேரே வந்தது என்பார். இந்த இரண்டாவது விளக்கத்தை எந்த ஆதாரமும் தோற்கடிக்க முடியாது. எனக்கு அதுதான் அதன் பலவீனமாகப் படுகிறது.

சரி, ஏன் ஏற்கிறார்கள்? அவர்களின் முதன்மை வேதநூலான மார்மன் நூலின் கடைசி அத்தியாயம், இது உண்மையா என்று கடவுளிடமே கேட்கச் சொல்கிறது. பதில் கிடைத்ததாக உணர்ந்தவருக்கு பாப்பிரஸ் இரண்டாம்பட்சம்தான். தவிர திருமணம், உறவுகள், இளவயதில் செய்யும் மதப்பரப்பு ஊழியம் எல்லாமே சபையோடு பின்னிக் கிடக்கின்றன.